முன்சக்கரத்தில் ஆட்டம்: பிக்கப் வைத்திருப்பவர்களின் கேள்விகள்

பட்டறைப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் இந்த முறை முன்பக்க சஸ்பென்ஷன் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். கேட்டவர்கள் எல்லோரும் வீட்டு வாசலிலோ ஷெட்டிலோ தாங்களே வேலை பார்க்க விரும்புகிறவர்கள். எதைத் தாராளமாகச் செய்யலாம், எதைக் கையில் எடுக்கக் கூடாது என்பதையும் அந்தந்தப் பதிலிலேயே சொல்லியிருக்கிறோம்.

என்னிடம் இருப்பது இசுஸு டி-மேக்ஸ். 1,40,000 கி.மீ. ஓடிவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்று அடிக்கிறது. பட்டறையில் பார்க்காமலேயே முழு செட்டும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். எது தேய்ந்திருக்கிறது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?
வாசகர், ஒட்டன்சத்திரம்

முடியும். கண்டுபிடிக்காமல் ஒரு பார்ட்டும் வாங்காதீர்கள். முழு செட்டையும் மாற்றிய பிறகும் அதே சத்தம் வருகிற வண்டிகள் ஏராளம். தேய்ந்தது ஒரே ஒரு லிங்க் ராடாக (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புக் கம்பி) இருக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இரண்டும் உள்ள டபுள் விஷ்போன் அமைப்பு. காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருக்கும். வண்டியின் பாரம் கீழ் ஆர்ம் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. அதனால் சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால், ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயிண்டில் ஆட்டம் தெரியாது. தொங்கும் ஆர்மை ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். அந்த இறுக்கத்தில் தேய்ந்த ஜாயிண்டும் புதியது போல நிற்கும். கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக ஜாக்கியை வைத்து, டயர் தரையிலிருந்து இரண்டு விரல்கடை எழும்பும்வரை தூக்குங்கள். சேசிஸுக்கு அடியிலும் ஒரு ஸ்டாண்டை ஒட்டி நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கட்டாயம்.

இப்போது டயரைக் கடிகாரமாக நினைத்து 12 மணி, 6 மணி இடங்களைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் வீல் பேரிங்கில். பிரேக் பிடித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட். மேலா கீழா என்பதை அந்தந்த ஜாயிண்டின் மேல் விரலை வைத்தால் விரலே சொல்லிவிடும். அடுத்து ஒரு நீளமான லீவர் கம்பியை டயருக்கு அடியில் கொடுத்து மேலே நெம்புங்கள். கீழ் ஜாயிண்டில் மேலும் கீழுமான ஆட்டம் இதில்தான் வெளிப்படும்.

3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரிவது ஸ்டியரிங் பக்கத்து ஆட்டம். இதற்கு இன்னும் நல்ல சோதனை, சக்கரங்கள் தரையில் நிற்கும்போது செய்வது. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, வேகமாக ஆட்டட்டும். நீங்கள் ஸ்டியரிங் கம்பியின் வெளிமுனையான டை ராட் எண்டையும், உள்பக்கம் ரப்பர் உறைக்குள் ('பூட்') இருக்கும் ஜாயிண்டையும் மாறி மாறிப் பிடித்துப் பாருங்கள். தேய்ந்த ஜாயிண்டில் கம்பி நகர்ந்த பிறகுதான் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இரும்புப் பாகம்) நகரும். அந்த இடைவெளி உள்ளங்கையில் 'டிக்' என்று படும்.

சத்தமும் துப்புக் கொடுக்கும். ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும் சின்னக் குழிகளில் 'கட கட' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க். பிரேக் அடிக்கும்போதும் கியர் போட்டு நகரும்போதும் ஒரே ஒரு 'டொம்' என்றால் கீழ் ஆர்ம் புஷ் (ஆர்ம் சேசிஸோடு சேரும் இடத்து ரப்பர் உருளை). நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கிறீச்சிட்டால் கிரீஸ் வற்றிய பால் ஜாயிண்ட். வேகத்தடையில் இறங்கும்போது மட்டும் மேலிருந்து 'டொக்' என்றால் ஷாக்கின் மேல் மவுண்ட் புஷ்ஷை முதலில் பாருங்கள். உங்கள் வர்ணனை இதற்கும் லிங்க்குக்கும்தான் அதிகம் பொருந்துகிறது. புஷ்களைப் பார்க்கும்போது ரப்பரில் மேலோட்டமான வெடிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். நடு ஸ்லீவ் மையத்தை விட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தால், அல்லது லீவர் கொடுத்து நெம்பும்போது ரப்பர் ஸ்லீவிலிருந்து பிரிந்து தெரிந்தால், அது முடிந்துவிட்டது.

ஆட்டம் இல்லாவிட்டாலும் பால் ஜாயிண்ட் பூட் கிழிந்திருந்தால் மாற்றும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். உள்ளே மண்ணும் தண்ணீரும் போன ஜாயிண்ட் அதிக நாள் தாங்காது.

கீழ் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், லிங்க் ராட், கீழ் ஆர்ம் புஷ் நான்கையும் நானே மாற்றப் போகிறேன். காயில் ஸ்பிரிங் வண்டி. என்னென்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் கழற்ற வேண்டும்?
வாசகர், உடுமலைப்பேட்டை

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து பால் ஜாயிண்ட் 2, டை ராட் எண்ட் 2, லிங்க் ராட் 2, கீழ் ஆர்ம் புஷ் 4. இவற்றோடு புதிய ஸ்பிளிட் பின்களும், நைலான் பூட்டு உள்ள நட்டுகள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் புதிய நட்டும் வாங்குங்கள். கருவிகளில் 2 டன் ஜாக்கி ஒன்று, ஸ்டாண்ட் இரண்டு, 17 முதல் 24 வரை பாக்ஸ் ஸ்பேனர், நீளமான கைப்பிடி, ஒன்றரைக் கிலோ சுத்தியல் இரண்டு, பால் ஜாயிண்ட் புல்லர், கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, டார்க் ரெஞ்ச். ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டுக்குப் பதிலாக ஒருபோதும் வைக்காதீர்கள். அது எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும்.

முதல் நாள் மாலையே எல்லா நட்டு போல்ட்டுகளையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஸ்பிரே அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். எந்த வாஷர் எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால் தொடாத பக்கம் பதில் சொல்லும். முதல் முறை செய்கிறவர் ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்வது நல்லது.

சக்கர நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே கால் சுற்று இளக்கிவிட்டு, பிறகு தூக்கிச் சேசிஸில் ஸ்டாண்ட் கொடுங்கள். இரண்டு முன்சக்கரங்களையும் தூக்குவது அவசியம். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளும். லிங்க் ராடின் போல்ட் வெளியே வராது, வந்தாலும் வேகமாக அடிக்கும். லிங்க்கை முதலில் கழற்றுங்கள். அதன் போல்ட் நட்டோடு சேர்ந்து சுற்றினால் தண்டின் நுனியில் ஆலன் கீ போடும் குழி இருக்கிறதா என்று பாருங்கள். அது தேய்ந்திருந்தால் நட்டை ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுப்பதே குறுக்கு வழி. பழைய லிங்க் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது.

அடுத்து டை ராட் எண்ட். லாக் நட்டை கால் சுற்று இளக்கி, அது நின்ற இடத்தில் மரையில் பெயிண்ட் கோடு போடுங்கள். ஸ்பிளிட் பின்னை எடுத்து, 'கோட்டை நட்டை' (கோட்டைச் சுவர் போல மேலே வெட்டுகள் உள்ள நட்டு) மரை முனை வரை இளக்குங்கள், முழுதும் கழற்றாதீர்கள். இனி நக்கிளின் காதில், அதாவது டேப்பர் (எண்டின் கூம்பு வடிவத் தண்டு) உட்கார்ந்திருக்கும் துளையின் பக்கவாட்டில், ஒரு சுத்தியலை முட்டுக் கொடுத்து எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி இரண்டு மூன்று அடி. காது ஒரு கணம் நெளிந்து டேப்பரை விட்டுவிடும். மரை முனையில் அடித்தால் மரை நசுங்குமே தவிர டேப்பர் வராது. எண்டைச் சுழற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவையுங்கள். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்ற வேண்டும். புதிய எண்டின் உடல் நீளம் பழையதைவிட மாறியிருக்கலாம். அதனால் சுற்று எண்ணிக்கையோடு, லாக் நட்டிலிருந்து பால் மையம் வரை உள்ள தூரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள்.

பால் ஜாயிண்டுக்கு வருமுன் பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் மேல் ஆர்மில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. ஏபிஎஸ் சென்சார் வயரின் கிளிப்பையும் விடுவித்துவிடுங்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் ஹப் நட்டையும் எடுக்க வேண்டியிருக்கும். நக்கிளை வெளிப்பக்கம் சாயவிட்டால் ஆக்ஸில் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் இனிதான் வருகிறது. கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கியை வைத்து, ஆர்ம் லேசாக மேலே எழும்பும்வரை ஏற்றி நிறுத்துங்கள். பால் ஜாயிண்ட் விடுபட்டதும் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளப் பார்க்கும். காயிலுக்கு நடுவே ஷாக் செல்லும் அமைப்பில் ஷாக்கின் நீளமே ஓர் எல்லைக்கு மேல் ஸ்பிரிங்கை விரியவிடாது. காயில் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும் வண்டிகளில் ஷாக்கைக் கழற்றிவிட்டால் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஜாக்கி ஒன்றுதான். அது நழுவினால் ஸ்பிரிங் பாய்ந்து வெளியே வரும். அப்படிப்பட்ட வண்டியில் ஸ்பிரிங் கம்ப்ரெசர் போடாமல் ஜாயிண்டைப் பிரிக்கவே கூடாது. எந்த அமைப்பானாலும் நட்டு நான்கைந்து மரையில் பிடித்திருக்கும்போதே டேப்பரை விடுவியுங்கள், பிறகு நட்டை எடுத்து, ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். தலையும் கையும் ஆர்முக்குக் கீழே இருக்க வேண்டாம்.

ஷாக்கின் நடுத் தண்டில் உச்சியில் இருக்கும் நட்டை இந்த வேலைக்காக யாரும் தொடவே வேண்டாம். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பை மேல் மவுண்டின் சுற்று நட்டுகளைக் கழற்றி முழுதாகவே இறக்கலாம்.

கீழ் ஆர்மைச் சேசிஸில் பிடிக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். தலைக்கு அடியில் மையம் தப்பிய வட்டத் தட்டு இருந்தால் அது கேம் போல்ட். கேம்பரும் காஸ்டரும் (சக்கரமும் அது திரும்பும் அச்சும் சாய்ந்திருக்கும் கோணங்கள்) அதில்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. தட்டுக்கும் சேசிஸுக்கும் குறுக்கே உளியால் ஒரு கோடு வெட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பெயிண்ட் கோடு ஸ்பிரேயில் அழிந்துவிடும். போல்ட் புஷ்ஷின் இரும்பு ஸ்லீவுக்குள் துருப்பிடித்து ஒட்டியிருப்பது, குறிப்பாகக் கடற்கரை ஊர் வண்டிகளில், மிகவும் சகஜம். சுத்தியலால் அடித்து மரையைக் கெடுப்பதைவிட, ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே பிளேடு விட்டு இருபுறமும் அறுத்துவிட்டுப் புதிய கேம் போல்ட் செட் போடுவது மேல்.

பழைய புஷ்ஷை எரித்து எடுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அந்தப் புகை விஷம். ஆர்மின் பெயிண்டும் போய் அடுத்த மழையிலிருந்து துருவேறும். 12 மி.மீ. மரைக்கம்பி ஒன்று, புஷ்ஷைவிடச் சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்று, புஷ்ஷின் வெளி ஸ்லீவ் அளவுக்குச் சரியான பாக்ஸ் ஒன்று இருந்தால் இழுத்து எடுத்துவிடலாம். வராவிட்டால் ரப்பரைத் துளைத்து எடுத்து, வெளி ஸ்லீவில் மட்டும் ஹாக்ஸாவால் ஒரு வெட்டு. ஆர்மின் இரும்பில் பிளேடு படக் கூடாது. புதிய புஷ்ஷை இரவு முழுக்க ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்திருந்து காலையில் எடுத்தால் மயிரிழை சுருங்கியிருக்கும், ஏறுவது எளிது. வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். சில புஷ்களில் ரப்பருக்கு நடுவே பிறைவடிவ இடைவெளி இருக்கும். பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில்தான் உட்கார வேண்டும்.

பூட்டும்போது டேப்பர் துளைகளைத் துணியால் துடைத்து உலர்ந்த நிலையில் பொருத்துங்கள். கிரீஸ் தடவினால் நட்டு அளவுக்கு மேல் ஏறி டேப்பர் துளை விரிந்துவிடும். கோட்டை நட்டை மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் அடுத்த வெட்டு வரை இறுக்குங்கள். பின் நுழைவதற்காக நட்டை இளக்குவது, செய்த வேலை அனைத்தையும் வீணாக்குவதற்குச் சமம்.

டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. நட்டின் மையத்திலிருந்து 1 மீட்டர் தூரத்தில், கைப்பிடிக்குச் செங்குத்தாகக் கொக்கித் தராசை மாட்டி இழுங்கள். தராசு 10 கிலோ காட்டினால் இறுக்கம் 98 நியூட்டன் மீட்டர். அரை மீட்டரில் மாட்டினால் அதில் பாதி.

ஆர்ம் புஷ் போல்ட்டுகளை மட்டும் இப்போது கையிறுக்கமாக விட்டுவிடுங்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியின் பதிலில்.

புது ஆர்ம் புஷ் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, ரப்பர் கிழிந்துவிட்டது. கம்பெனி பார்ட்தான் போட்டேன். போலியாக இருக்குமோ?
வாசகர், தேனி

போலியாக இருக்கலாம். ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது, வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவது.

இந்தப் புஷ்ஷில் ரப்பர் உள் ஸ்லீவோடும் வெளி ஸ்லீவோடும் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. போல்ட்டை இறுக்கியதும் உள் ஸ்லீவ் பிராக்கெட்டோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்குவது முழுக்க ரப்பர் முறுக்குவதால்தான். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய கணமே ரப்பர் முறுக்கேறிய நிலைக்குப் போய்விடும். நின்றிருக்கும்போதும் அது முறுகியே நிற்கும், குழியில் இறங்கும்போது இன்னும் முறுகும். கிழியாமல் என்ன செய்யும்?

சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கி, நாலடி முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்ட பிறகு, அதே நிலையில் இறுக்குங்கள். ஸ்பேனர் போக இடமில்லை என்றால் இரண்டு கீழ் ஆர்ம்களுக்கும் ஜாக்கி வைத்து, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரம் வேலைக்கு முன் அளந்த அளவுக்கு வரும்வரை ஏற்றியும் இறுக்கலாம். அந்த அளவை வேலை தொடங்குமுன்பே டேப்பால் அளந்து குறித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. ஏற்றும்போது கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவியிருந்தால் இயற்கை ரப்பர் ஊறிப் பருத்து மென்மையாகிவிடும். கழற்றும்போது அடித்த துரு ஸ்பிரே புதிய புஷ்ஷில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்க ஷாக்கில் மட்டும் ஆயில் கசிகிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?
வாசகர், அறந்தாங்கி

இரண்டையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் அடிக்கும்போதும் வளைவிலும் வண்டி இரண்டு விதமாக அமுங்கும். ஆனால் முதலில் அது கசிவுதானா என்று பாருங்கள். தண்டின் சீலை ஒட்டி லேசான எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டியிருப்பது இயல்பு. உடலின் பாதிக்குக் கீழே ஈரமாக வழிந்திருந்தால்தான் கசிவு. டயரின் பட்டன்கள் வரிசையாக மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருப்பதும் ஷாக் போனதற்கு அடையாளம்.

பூட்டுமுன் ஆயில் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து மூன்று நான்கு முறை முழுதாக இழுத்து அழுத்துங்கள். படுக்கவைத்திருந்தபோது உள்ளே சேர்ந்த காற்று வெளியேறும். மேல் நட்டை இறுக்கும்போது தண்டைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. குரோமில் விழும் ஒரு கீறல் போதும், சீல் அன்றே போய்விடும். தண்டு நுனியில் தட்டையான பிடி இருக்கும், அதில்தான் ஸ்பேனர் போட வேண்டும்.

என் குட்டி யானையில் 12–6 ஆட்டம் இருக்கிறது. பிரேக் பிடித்தும் ஆடுகிறது. நீங்கள் சொல்லும் பால் ஜாயிண்ட் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.
வாசகர், திண்டிவனம்

டாடா ஏஸின் முன்பக்கம் ஒரே தண்டாக உள்ள ஆக்ஸிலும் அதோடு பிணைந்த பட்டை ஸ்பிரிங்குகளும்தான். ஆர்மும் இல்லை, பால் ஜாயிண்ட் வைத்த நக்கிளும் இல்லை. சக்கரம் திரும்புவது கிங் பின்னில். பிரேக் பிடித்தும் ஆட்டம் நிற்காவிட்டால் கிங் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன.

இதை வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பூட்டுப் பின்னை எடுத்த பிறகும் கிங் பின் ஆக்ஸில் கண்ணில் இறுகியே நிற்கும். பிரஸ் இல்லாமல் அடித்து எடுக்க முயன்றால் நுனி காளான் போல விரிந்து இன்னும் இறுகும். புதிய புஷ்ஷை ஏற்றிய பிறகு மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி ரீமரால் துளையைச் சீவிச் சரியாக்க வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், அல்லது மாதத்திலேயே மறுபடி ஆடும். பாரம் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கையும் ஷிம்மையும் இதோடு புதிதாகவே போடச் சொல்லுங்கள்.

ஆனால் கிங் பின் அவ்வளவு விரைவில் தேயாமல் காப்பது முழுக்க உங்கள் கையில். கிரீஸ் அடிக்கும்போது முன்பக்கத்தைத் தூக்கிவிட்டு அடியுங்கள். சக்கரம் தரையில் இருந்தால் த்ரஸ்ட் பேரிங்கின் மேல் பாரம் உட்கார்ந்திருக்கும். கிரீஸ் எளிதான பக்கமாக ஒதுங்கிப் போய்விடும். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறி, புதியது எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் கன்னை அழுத்திக்கொண்டே இருப்பதில் பலன் இல்லை.

பட்டைப் புஷ்ஷும் ஷாக்கும் யூ போல்ட்டும் வீட்டிலேயே மாற்றலாம். யூ போல்ட்டைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இறுகி நீண்ட போல்ட் மறுமுறை அதே பிடியைத் தராது. பட்டையை ஆக்ஸில் மேல் வைக்கும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையில் உள்ள குழியில் சரியாக விழுந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகே யூ போல்ட்டை இறுக்குங்கள். விழாவிட்டால் ஆக்ஸில் கோணலாக நின்று வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எத்தனை முறை அலைன்மெண்ட் பார்த்தாலும் தீராது. நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, 100 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறையும், பாரம் ஏற்றி 500 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறையும் மறுபடி இறுக்கம் பாருங்கள்.

பழைய டபுள் கெப் வாகனம். முன்பக்கம் காயில் இல்லை. நீளமான முறுக்குக் கம்பிதான். கீழ் பால் ஜொயிண்டை மாற்ற அந்தக் கம்பியைக் கழற்ற வேண்டுமா? முன்பக்கமும் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது.
வாசகர், வவுனியா

முதலில் டோர்ஷன் பார் (நீங்கள் சொல்லும் முறுக்குக் கம்பி) எந்த ஆர்மில் பிணைந்திருக்கிறது என்று பாருங்கள். மேல் ஆர்மில் என்றால், பாரம் தாங்குவது மேல் ஜாயிண்ட். ஆட்டம் சோதிக்கச் சேசிஸில் ஜாக்கி வைக்க வேண்டும். கீழ் ஆர்மில் என்றால் காயில் வண்டிக்குச் சொன்னது போலவே கீழ் ஆர்மில். இதை மாற்றி வைத்துச் சோதித்துவிட்டு ஜாயிண்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுகிறவர்கள் பலர்.

ஜாயிண்டை மட்டும் மாற்றுவதானால் பாரை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை, அதன் முறுக்கை இறக்கினால் போதும். பின்முனையில் ஆங்கர் ஆர்மும் அதைத் தூக்கிப் பிடிக்கும் நீண்ட போல்ட்டும் இருக்கும். போல்ட் நட்டுக்கு வெளியே எத்தனை மி.மீ. மரை தெரிகிறது என்று அளந்து எழுதுங்கள். பாரிலும் ஆங்கர் ஆர்மிலும் முன் ஆர்மிலும் நேர்க்கோடாகப் பெயிண்ட் அடியுங்கள். சேசிஸில் ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரம் தொங்கும் நிலையில், போல்ட்டைச் சுற்று எண்ணிக்கொண்டே இளக்குங்கள். ஆங்கர் ஆர்முக்கு நேர்கீழே படுக்காதீர்கள். பாரையே எடுக்க நேர்ந்தால் இடது வலது மாறக் கூடாது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் முறுகப் பழகியவை, முனையில் அடையாள எழுத்து இருக்கும். பாரின் உடலில் உளி, ஸ்பேனர் எதுவும் பட்டுக் கீறல் விழாமல் பாருங்கள். அது உடைவது கீறலிலிருந்துதான்.

தாழ்ந்த உயரத்தை அதே போல்ட்டால் சரிசெய்யலாம். ஒரு தடவைக்கு ஒரு சுற்று மட்டும் ஏற்றி, வாகனத்தை முன்பின் உருட்டி, இரண்டு பக்கமும் சமதரையில் அளந்து பாருங்கள். கம்பெனி உயரத்துக்கு மேலே ஏற்றி வாகனத்தை நிமிர்த்த ஆசைப்பட வேண்டாம். ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும், சின்னக் குழியிலும் ரீபவுண்ட் ரப்பரில் இடிக்கும், நீங்கள் இப்போது போடும் ஜொயிண்ட் கோணலாகவே வேலை செய்து சீக்கிரம் தேயும். உயரம் மாறினால் டோவும் (முன் டயர்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) கேம்பரும் மாறும். ஆகவே அலைன்மெண்டை உயரம் அமைத்த பிறகே பாருங்கள்.

டை ராட் எண்ட் மாற்றியாயிற்று. அலைன்மெண்ட் கடை 40 கி.மீ. தூரத்தில். அங்கே போகும்வரையாவது டயரைத் தின்னாமல் இருக்க வீட்டில் ஏதாவது செய்ய முடியுமா?
வாசகர், கூடலூர்

டோவை மட்டும் டேப்பை வைத்தே நெருக்கமாகக் கொண்டுவந்துவிடலாம். கேம்பருக்கும் காஸ்டருக்கும் கடைதான்.

சமதரையில் ஸ்டியரிங்கை நேராக நிறுத்தி, மூன்று நான்கு மீட்டர் முன்னால் உருட்டி நிறுத்துங்கள். இரண்டு முன் டயர்களின் முன்புறத்திலும், ஆக்ஸில் மைய உயரத்தில், டிரெட்டின் நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு இரண்டு கோடுகளுக்கும் இடையே அளக்கவும். பிறகு அதே கோடுகள் பின்புறம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னால் உருட்டி மறுபடி அளக்கவும். அதே கோட்டை இரண்டு முறையும் அளப்பதால் டயரோ ரிம்மோ கோணலாக இருந்தாலும் கணக்குக் கெடாது. முன் அளவு பின் அளவைவிடக் குறைவு என்றால் டோ-இன். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் மேனுவலில் மி.மீ. கணக்கில் இருக்கும்.

எண்டைத் திருகும்போது கையை அடக்கிக்கொள்ளுங்கள். மரையின் இடைவெளி 1.5 மி.மீ., நக்கிள் காதின் நீளம் 140 மி.மீ., டயரின் விட்டம் 700 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு முழுச் சுற்று டோவை ஏறத்தாழ 7.5 மி.மீ. மாற்றிவிடுகிறது. கழற்றும்போது ஒரு சுற்று தவறாக எண்ணியவரின் டயர் சில நூறு கிலோமீட்டரில் ஓரம் தேய்வதன் காரணம் இதுதான். கால் சுற்றாகவே திருகுங்கள், ஒவ்வொரு முறையும் உருட்டி அளந்த பிறகு அடுத்தது. இரண்டு பக்கமும் சம அளவு திருகினால்தான் ஸ்டியரிங் நேராக நிற்கும். ஏற்கெனவே ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பி நின்றால், ஒரு பக்கம் நீட்டிய அளவுக்கு மறுபக்கம் குறைத்து நேராக்கலாம், டோ மாறாது.

லாக் நட்டை இறுக்கும்போது எண்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள், பால் தண்டு சாய்ந்துவிடாமல். உள் பூட் முறுகியிருந்தால் அதன் கிளிப்பை இளக்கி நேராக்கிவிட்டு மறுபடி மாட்டுங்கள். கூடலூரிலிருந்து மலை இறங்கிப் போவதானால், கிளம்புமுன் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எதிலும் உரசவில்லை என்று பார்த்துவிடுங்கள். சக்கர நட்டுகளை 50 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.